நுவரெலியாக் குளிரில் கோதுமை ஏன் விளைவதில்லை?

"நுவரெலியாவில்தான் இவ்வளவு குளிர் இருக்கிறதே, அதற்கேற்ற கோதுமை இனம் ஒன்றை உருவாக்க நம்மவர்களுக்குத் துப்பில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோதுமை மா விலை ஏறிய கடுப்பில் கேட்டிருப்பீர்கள், சரி. ரொட்டியே சாப்பாடு என்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தவள் நான். 2022இல் அந்த விலை என்ன பாடு படுத்தியது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் 'துப்பு' சுருக்கென்று தைத்தது.

நான் விஞ்ஞானி இல்லை, பட்டதாரிகள் சண்டைக்கு வர வேண்டாம். கண்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் நெல் இனக்கலப்பு வேலைக்குத் தினக்கூலியாகப் போனவள். நெற்பூ ஒன்றில் மகரந்தக்கூடு ஆறு. பூ விரியுமுன் உமியின் நுனியைச் சாய்வாக வெட்டி, சாவணத்தால் ஆறையும் எடுக்க வேண்டும். ஒன்று உள்ளே உடைந்தாலும் தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும், வேலை வீண். பிறகு கதிருக்குக் கடதாசி உறை. மறுநாள் முற்பகலில் தந்தைக் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்ட வேண்டும். கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு இது சீக்கிரம் பிடிபட்டது.

அதோடு முடியாது. முதல் தலைமுறை ஒரே மாதிரி நிற்கும், இரண்டாவதில் நெட்டையும் குட்டையுமாகப் பிரியும். பொறுக்கி விதைத்து, மறுபடி பொறுக்கி, ஆறேழு தலைமுறை. நம் முருங்கக்காயன் நெல்லையும் இந்தோனேசிய மாஸ் நெல்லையும் கலந்து 1950களின் பிற்பகுதியில் எச்-4 என்ற நெல்லினத்தைக் கொடுத்தவர்கள் இந்நாட்டுக்காரர்கள்தான்.

கோதுமைக்குக் குளிர் மட்டும் போதாது, கதிர் முற்றும்போது ஈரமில்லாத காய்ந்த வெயிலும் வேண்டும். இங்கே மழை விட்டால்தானே? நனைந்த கதிரில் மணி செடியிலேயே முளைக்கும், ஈரத்தில் துரு என்ற பூஞ்சை நோய் ஏறும். நீலகிரி வெலிங்டனில் இந்தியாவின் கோதுமை ஆய்வு நிலையம் இருப்பதே, எந்த இனம் துருவைத் தாங்கும் என்று பார்க்க அந்த மலை வசதி என்பதால்தான். நாட்டுக்கான விளைச்சல் வடக்குச் சமவெளியில்.

அப்படியே இனம் கிடைத்தாலும் எங்கே விதைப்பது? கரட், லீக்ஸ் போடும் காணியை யார் கோதுமைக்கு விடுவார்? எங்களுக்கோ காணியே இல்லை. லயத்துக்கு ஒழுங்கான விலாசம்கூட இல்லை. நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று வந்த கடிதம் தோட்டத்து ஒபீசிலேயே கிடந்து, திகதி போன பிறகுதான் என் கைக்கு வந்தது. போய்க் கேட்டால் தபால் பிந்தி வந்ததாம். உறையில் அடித்திருந்த முத்திரையை நான் வாசிக்க மாட்டேன் என்று நினைத்துவிட்டார்கள்.