கண்ணும் கையும் வேலையில், காது மட்டும் உங்களுக்கு: ஒரு சிறுநகர எஃப்எம் நிலையத்துக்குப் பதில்

கேள்வி: தென்மாவட்ட நகரம் ஒன்றில் தனியார் எஃப்எம் நிலையத்தின் பொறுப்பில் இருக்கிறேன். சில வருடங்களாக உள்ளூர் விளம்பரம் குறைந்துகொண்டே வருகிறது. "இன்ஸ்டாகிராம்ல ரீல் போட்டா எத்தனை பேர் பார்த்தாங்கன்னு நம்பர் வருது, உங்ககிட்ட என்ன வருது?" என்று ஜவுளிக்கடைக்காரர்கள் கேட்கிறார்கள். இளைஞர்கள் பாட்டுக்கு ஆப்பை நாடிவிட்டார்கள். காலை நிகழ்ச்சியை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு மற்றதைச் சென்னையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆர்ஜேக்களைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிறது நிர்வாகம். எங்கே தொடங்குவது?

பதில்: பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கவலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. நினைத்த பாட்டை நினைத்த நொடியில் கொடுக்கும் ஆப்பை வானொலியால் பாட்டைக் கொண்டு ஜெயிக்க முடியாது. எவ்வளவு நல்ல பட்டியல் போட்டாலும் முடியாது. பாட்டு போடுங்கள், நிறையவே போடுங்கள். ஆனால் நேயர் அதற்காகத்தான் வருகிறார் என்று நம்பி நிகழ்ச்சி அமைக்காதீர்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய அனுபவம் உண்டு. 1950-களில் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தது. மக்கள் பாட்டைத் தேடி இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்குப் போனார்கள். 1957-இல் விவித் பாரதி வந்தபிறகு திரைப்பாடல் இங்கேயே கிடைக்க ஆரம்பித்தது. ஆனாலும் தென் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ரேடியோ முள் இலங்கையைவிட்டு வெகுகாலம் நகரவில்லை. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் குரலுக்காகவும், பிறந்தநாள் வாழ்த்தில் தன் பிள்ளையின் பெயரும் ஊரின் பெயரும் வந்துவிடாதா என்ற ஆசைக்காகவும் காத்திருந்தார்கள். அதே பாட்டு வேறு இடத்தில் கிடைத்தபோதும் அவர்கள் போகவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

சரி, இன்றைக்கு உங்கள் ஊரில் யார் கேட்கிறார்கள்? இரண்டு நாள் அலுவலகத்தை விட்டுவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஊரைச் சுற்றுங்கள். பீடி சுற்றும் பெண்கள் கூடியிருக்கும் திண்ணை, தையல் கடை, தீப்பெட்டி ஒட்டும் இடம், டீக்கடை, ஒர்க்‌ஷாப், ஆட்டோ ஸ்டாண்டு, புரோட்டாக் கடையின் பின்கட்டு. எங்கே ரேடியோ ஓடுகிறது, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எந்த நிலையம், எதில் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். நான் போன ஊர்களிலெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் பார்த்தேன். கண்ணும் கையும் வேலையில் மாட்டியிருக்கிறவர்கள்தான் உங்கள் நேயர்கள். தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவரால் ரீல் பார்க்க முடியாது. இலை வெட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும் அக்கா அடுத்த பாட்டைத் தேட ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுக்கமாட்டார். அவர்கள் வேலையில் இருக்கும் எட்டு மணி நேரத்தில் இன்ஸ்டாகிராம் நுழைய முடியாது. அங்கே உங்களுக்குப் போட்டியே குறைவு.

எதில் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஐபோனில் எஃப்எம் இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் இருந்தாலும் இயர்போன் ஒயர்தான் ஏரியல். ஒயர் செருகும் துளையே இல்லாத போன்கள் பெருகிவிட்டதால் அந்த வழியும் அடைபட்டு வருகிறது. எல்லா போனிலும் எஃப்எம் இயங்க வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது, ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மேசையில் இருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் பெட்டியில் பெரும்பாலும் எஃப்எம் உண்டு, பலருக்கு அது தெரியாது. ஒரு நிலையத்தில் இருந்தபோது நாங்கள் சின்னப் பரிசுப் போட்டிகளில் மிக்ஸி, குக்கர் கொடுப்பதை நிறுத்திவிட்டு எஃப்எம் உள்ள பெட்டியை, எங்கள் அலைவரிசையில் வைத்தே, தையல் கடைகளுக்குக் கொடுத்தோம். ஒரு பெட்டியைச் சுற்றி ஆறேழு பேர். அதைவிடப் பலன் தந்த பரிசு என் அனுபவத்தில் இல்லை.

அடுத்து, அவர்களுக்கு என்ன சொல்வது? தனியார் எஃப்எம்மில் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் பரிந்துரைத்தது, ஆனால் பரிந்துரையை வைத்து நிகழ்ச்சி அட்டவணை போட முடியாது. அதே விதியில், போக்குவரத்து, வானிலை, திருவிழாக்கள், தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்ற எச்சரிக்கை ஆகியவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. இந்தப் பட்டியலை நிலையங்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகின்றன என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. குற்றாலத்தில் இன்று தண்ணீர் எப்படி, அருவியில் குளிக்க விடுகிறார்களா என்பதை ஜூனிலிருந்து ஆகஸ்டுவரை மணிக்கு ஒருமுறை சொல்லுங்கள். ஆனித் தேரோட்டத்தன்று எந்தத் தெரு அடைப்பு, குலசை தசராவுக்கு எங்கே வண்டி நிறுத்தலாம், நாளை எந்தப் பகுதியில் மின்தடை என்று சொல்லுங்கள். பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை ஒரு சமூக வானொலி, வணிக நிலையம் அல்ல. காற்றையும் கடலையும் மீனவர் பேச்சில் சொல்லித்தான் அது அங்கே வேர்விட்டது. சொல்லும் விஷயம் அவர்களுடைய நாளைக்கு உதவுகிறது. உங்களுக்கும் வேண்டியது அதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை உங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, பல இடங்களில் போன் சிக்னல் இல்லை. அப்படிப்பட்ட இரவில் பேட்டரி ரேடியோ மட்டும்தான் மனிதனுக்குப் பேச்சுத் துணை. உங்கள் ஜெனரேட்டருக்கு மூன்று நாள் டீசல் இருக்கிறதா? தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்கிறதா? மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் யாரைக் கூப்பிடுவது என்று இரவுப் பணியில் இருக்கும் பையனுக்குத் தெரியுமா? இதற்கு விளம்பர வருமானம் எதுவும் வராது. இருந்தாலும் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். சிக்கலான இரவில் கூட இருந்த நிலையத்தை ஊர் நினைவில் வைத்திருக்கும்.

சென்னை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வது பற்றி: விதி அதை அனுமதிக்கிறது. மத்திய அரசின் மூன்றாம் கட்ட எஃப்எம் கொள்கைப்படி ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளலாம். செலவும் குறையும். நிர்வாகத்தை முழுக்க எதிர்த்து நிற்க வேண்டாம், எந்த மணி நேரத்தை விட்டுக்கொடுப்பது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்துவரை கொடுத்துவிடலாம். ஞாயிறு மதியமும் போகட்டும். வாரநாட்களில் காலை பத்திலிருந்து மாலை நான்கு மணிவரையிலான நேரத்தை மட்டும் விடாதீர்கள். "காலையிலும் மாலையிலும்தான் ஆள் இருக்கிறார்கள், மதியம் செத்த நேரம்" என்பது காரில் அலுவலகம் போகும் பெருநகரத்துக் கணக்கு. உங்கள் ஊரில் பீடியும் தையலும் ஓடுவது அந்த மதியத்தில்தான். அங்கே கத்திப்பாரா டிராஃபிக்கைச் சொல்லும் குரல் வந்தால், அந்தத் திண்ணையில் இருப்பவர்களுக்கு அது தங்களிடம் பேசும் குரலாக இருக்காது. மூன்று ஆர்ஜேக்கள்தான் மிஞ்சுவார்கள் என்றால், ஒருவரை மதியத்துக்கு வையுங்கள். அவர் அந்த வட்டாரப் பேச்சு பேசுபவராக இருக்கட்டும்.

ஆர்ஜே குறைப்பு என்றதும் செயற்கை நுண்ணறிவுக் குரல் பற்றியும் யாராவது பேசியிருப்பார்கள். போலந்தில் ஆஃப் ரேடியோ கிராகோ என்ற நிலையம் 2024 அக்டோபரில் மனித அறிவிப்பாளர்களை நீக்கிவிட்டு அத்தகைய குரல்களை வைத்தது. மறைந்த கவிஞர் சிம்போர்ஸ்காவின் குரலைச் செயற்கையாக உருவாக்கிப் பேட்டியும் ஒலிபரப்பியது. எதிர்ப்பு தாங்காமல் சில நாட்களிலேயே கைவிட்டது. விளம்பரத்தின் வரைவை எழுத, ஒலியைச் சுத்தம் செய்ய, பழைய பதிவுகளைத் தேட அந்தத் தொழில்நுட்பத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நேயரோடு பேசும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

இப்போது அந்த ஜவுளிக்கடைக்காரரின் கேள்வி. அவர் கேட்டது நியாயம். ராம் என்ற நேயர் அளவீடு வழக்கமாக அளந்தது டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களை. சென்னைக்கே எண் இல்லாதபோது உங்கள் ஊருக்கு எங்கிருந்து வரும்? ஆகவே எண்ணை நீங்களே உருவாக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய விளம்பரதாரருக்கும் தனி வாட்ஸ்அப் எண் அல்லது மிஸ்டு கால் எண் ஒன்றை ஏற்பாடு செய்து, அதை வானொலியில் மட்டும் சொல்லுங்கள். பேனரிலோ நோட்டீஸிலோ வரக்கூடாது. வாரம் முடிந்ததும் எத்தனை அழைப்பு, எந்த ஊர், எந்த மணி என்று ஒரே தாளில் எழுதி நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எண் சின்னதாக இருந்தாலும் கொடுங்கள். ரீலைப் பார்த்தவர் எங்கோ துபாயில் இருக்கலாம், உங்களுக்கு அழைத்தவர் பஸ் ஏறி வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார். அதைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்லத்தான் இந்தத் தாள்.

அப்புறம், ரேட்டைக் குறைப்பதையும் இலவச விளம்பர ஸ்பாட் அள்ளிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். பத்து ஸ்பாட் வாங்கினால் பத்து இலவசம் என்று கொடுத்துக் கொடுத்துத்தான் விளம்பர இடைவேளை ஏழெட்டு நிமிடத்துக்கு நீண்டது. நேயர் வேறு நிலையத்துக்குத் திருப்புவது அங்கேதான். நான் விற்பனையில் இருந்தபோது ஒரு தீபாவளிக்கு இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். அந்த மாதக் கணக்கு நன்றாக இருந்தது. மறுவருடம் அதே கடைகள் இலவசத்தையே விலையாக வைத்துப் பேரம் பேசின. ஒரு இடைவேளை இரண்டரை நிமிடம், அதற்குமேல் இல்லை என்று வரம்பு வைத்து, அதையே காரணமாகச் சொல்லி விலையை நிலைநிறுத்துங்கள். இருபது வினாடி ஜிங்கிளைவிட, ஆர்ஜே கடைக்கே போய் அங்கிருக்கும் மூத்த விற்பனையாளரிடம் பட்டுப் பார்த்து வாங்குவது எப்படி என்று இரண்டு நிமிடம் பேசி ஒலிபரப்புவது சிறுநகரத்தில் நன்றாக விலைபோகும். விளம்பரம் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இணையத்துக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. வானொலியில் பாட்டு போட உங்களுக்குக் கிடைக்கும் சட்டப்படியான உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவின்கீழ் வருவது. இணைய ஸ்ட்ரீமிங்குக்கு அது பொருந்தாது என்று 2019-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நிகழ்ச்சியை அப்படியே யூடியூபில் ஏற்றினால் சிக்கல். பாட்டை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் ஏற்றுங்கள். மதிய நிகழ்ச்சியில் ஒரு பாட்டி சொன்ன கருப்பட்டிப் பக்குவம், ஒரு லாரி டிரைவரின் பயணக் கதை, இவைதான் வெளியூரில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் கேட்க விரும்புபவை. மும்பையிலும் வளைகுடாவிலும் உங்கள் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஆர்ஜேக்களின் ஒப்பந்தத்தில் இணையப் பயன்பாட்டையும் அதில் அவர்களுக்கு உண்டான பங்கையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

நிர்வாகத்திடம் ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். கேட்கப் போகும்போது அந்த இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்தையும், முதல் மூன்று விளம்பரதாரர்களின் அழைப்புக் கணக்குத் தாளையும் கையில் எடுத்துப் போங்கள். சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் அவை இரண்டும் இருக்காது.