வாசகர் கேள்வி – பதில்: கிடார் இடுப்பில் விழும் விரிசல்

கேள்வி: கிடார் செய்யப் பழகுகிறேன். ஈட்டி மரத்தில் 2.5 மி.மீ. கனத்தில் பக்கப்பலகை இழைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, சூடான குழாயில் வளைத்தேன். இடுப்பு வளைவில் விரிசல் விட்டுச் சிம்பு எழும்பிவிட்டது. பலகையைக் கழித்துவிட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். விரிசல் எந்த முகத்தில் என்று முதலில் பாருங்கள். இடுப்பில் இழுபடுவது கிடாரின் உட்புறம். அங்கே விழும் விரிசல் வெளியே தெரியாது. கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றிருந்தால் காப்பாற்றலாம். அதற்கு மேல் போயிருந்தாலோ, வெளிமுகத்தில் குறுக்கே முறிந்திருந்தாலோ வேறு பலகைதான்.

எழும்பிய சிம்பைப் பிய்க்க வேண்டாம். வளைவு இன்னும் பாக்கி இருந்தால், முதலில் அதை முடித்துவிடுங்கள். ஒட்டிய இடத்தில் மறுபடி சூடு காட்டினால் வெள்ளைப் பசை இளகிவிடும். சூப்பர் குளூவோ கண்ணை எரிக்கும் புகை விடும். வளைத்த பலகையை அச்சில் இறுக்கி ஒரு நாள் காயவிட்டு, தண்ணீர்போல் ஓடும் ரகச் சூப்பர் குளூவை விரிசலில் ஊறவிடுங்கள். மெழுகுத்தாள் வைத்து, வளைவுக்குப் பொருந்தும் கட்டையால் அழுத்திக் கிளாம்ப் போடுங்கள். பிறகு உட்புறம் அரை மி.மீ. வெனீர் (மெல்லிய மரத்தகடு) பட்டை ஒன்றை ஒட்டுங்கள். பட்டையின் நார் விரிசலைக் குறுக்கே கடந்து ஓட வேண்டும். விரிசலோடு சேர்ந்து ஓடினால் பட்டை ஒட்டியும் பயனில்லை.

கேள்வி: அடுத்த பலகையில் இது வராமலிருக்க?

பதில்: கனம்தான் முதல் குற்றவாளி. வளைக்கத் தேவையான விசை கனத்தின் முப்படியாக (கனம் × கனம் × கனம்) ஏறும், 2 மி.மீ. பலகையைவிட 2.5 மி.மீ. பலகை ஏறக்குறைய இரு மடங்கு முரண்டும். ஈட்டியை 2 மி.மீ. அளவுக்கு இழைத்து, இரு முகத்தையும் உப்புத்தாளால் தேயுங்கள். ஆழமான கீறலில்தான் விரிசல் தொடங்கும். நார் சாய்ந்து பலகை முகத்தில் வெளியேறும் மரத்தை வாங்கவே வேண்டாம்.

மரத்தை இளக்குவது சூடு. தண்ணீர் சூட்டை உள்ளே கொண்டுபோய், கருகாமல் காக்கிறது, அவ்வளவே. இரவெல்லாம் ஊறினால் பலகை குழிந்து நெளியும். தெளிப்பானால் நனைத்தால் போதும். குழாய் 150 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இருக்கட்டும். குழாய்க்கு எதிர்முகத்தில் கால் மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டை அணைத்துப் பிடித்து, தகட்டோடு சேர்த்தே வளையுங்கள். இழுபடும் முகத்தின் நார் பிளந்து எழும்பத் தகடு இடம் கொடுக்காது. கையை அழுத்தி வைத்துக் காத்திருங்கள். மரம் தானாக விட்டுக்கொடுப்பது விரலில் தெரியும். அதற்கு முன் தள்ளினால் முறியும்.