முயல் பிடிக்க ஃபெரட்: பெரிய ஆணா, சின்னப் பெண்ணா?

இங்கிலாந்தில் தெட்ஃபோர்டு பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் முட்டைக்கோஸும் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேலியோரம் முழுக்க முயல் வளை. ஃபெரட் விட்டுப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஒருவர் 'போல்கேட் கலப்பு, இரண்டு கிலோ ஆண், எந்த முயலையும் விடாது' என்று 150 பவுண்ட் கேட்கிறார். பெரிதாக வாங்குவதுதான் நல்லதா? இனம் பார்க்க வேண்டுமா?"

அதை வாங்காதீர்கள். எடையும் உங்கள் வேலைக்கு ஆகாது, சொல்லும் இனமும் நம்பும்படி இல்லை.

ஃபெரட் என்பது கீரி போல நீண்டு ஒல்லியான ஒரு வளர்ப்புப் பிராணி. அதன் வேலை முயலை வளையிலிருந்து விரட்டுவது மட்டும்தான். பிடிப்பது, வளையின் ஒவ்வொரு வாயிலும் நீங்கள் விரித்து வைக்கும் சுருக்கு வலை. அதனால் அந்த வலைக் கண்ணுக்குள் புகுந்து வரக்கூடிய உருவம்தான் உங்களுக்கு வேண்டிய அளவு. கண் ஏறத்தாழ இரண்டு அங்குலம் இருக்கும். ஜில் என்று சொல்லும் பெண் ஃபெரட் பொதுவாக 600 முதல் 900 கிராம். அது வாய்க்கு வந்ததும் ஒரு கண்ணில் மூக்கை வைத்துப் பார்க்கும், தலை போனதும் தோள் போகும், மிச்ச உடம்பு வழுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும், வலை இருந்த இடத்தில் அப்படியே கிடக்கும். ஹாப், அதாவது ஆண், ஒன்றேகால் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை போகும். தலை நுழைந்து தோளில் மாட்டிக்கொள்ளும், அது உந்த உந்தக் கயிறு இழுபட்டுச் சுருக்கு விழும், நீங்கள் முழங்கால் போட்டு அதைப் பிரித்தெடுத்து வலையைத் திரும்ப விரிப்பதற்குள் அதே வாய் வழியாக முயல் பாய்ந்து போயிருக்கும். இது போதாதென்று, பலசாலி ஆண் முயலை உள்ளேயே கொன்று, தின்று, அங்கேயே சுருண்டு தூங்கியும் விடும். அப்புறம் மண்வெட்டிதான்.

ஆகவே முக்கால் கிலோ அளவில் இரண்டு ஜில். உங்கள் மூன்று ஏக்கருக்கு அது தாராளம்.

அதற்காகச் சின்னது என்றால் இன்னும் சின்னது நல்லது என்று போய்விடாதீர்கள். 'மைக்ரோ ஃபெரட்' என்று உள்ளங்கை அளவு ஒன்றைக் காட்டிக் காசு பறிப்பவர்கள் இப்போது நிறைய. கூண்டுக் கம்பி இடைவெளியிலேயே அது ஓடிவிடும். அதோடு, வளைக்குள் விடும் ஒவ்வொரு ஃபெரட்டின் கழுத்திலும் இருப்பிடம் காட்டும் சிக்னல் பட்டை கட்டியாக வேண்டும், அது இல்லாமல் விடவே கூடாது. அந்தப் பட்டையின் சுமைக்கும் பிடிப்புக்கும் கொஞ்சமாவது கழுத்து வேண்டாமா?

ஆணுக்கு ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் ஊர்ப் பெரியவர் யாராவது நான் சொன்னதைத் தப்பு என்பார். சில நேரம் முயல் முட்டுச்சந்தில் போய்ப் பின்புறத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். ஜில் அதன் முதுகைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும், மேலே வரும்போது நகத்தில் முயல் ரோமம் ஒட்டியிருக்கும். அந்தக் காலத்தில் அப்போது நீளக் கயிறு கட்டிய ஒரு பெரிய ஹாப்பை உள்ளே விடுவார்கள். அது ஜில்லைத் துரத்திவிட்டு முயல் பக்கத்திலேயே நிற்கும், கயிறு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துத் தோண்டிக்கொண்டே போவார்கள். உங்கள் பகுதி பிரெக்லாந்து மணல், நார்மன் காலத்துக்குப் பிறகு பல நூற்றாண்டு முயல் பண்ணையே நடந்த மண், அங்கே கயிறு சிக்காமல் போகும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வேலியோர வளைகள். வேலி என்றால் மரம், மரம் என்றால் வேர், வேரில் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஃபெரட் முன்னும் போகாது பின்னும் வராது. சிக்னல் பட்டை வந்த பிறகு இந்த முறைக்கு அவசியமே இல்லை, ஜில் நிற்கிற இடத்தை மேலிருந்தே பார்த்துத் தோண்டலாம். திறந்த மணல்வெளி, வேரே இல்லாத இடம், பழகிய ஆள், இந்த மூன்றும் சேர்ந்தால் ஹாப். உங்களுக்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இனி அந்தப் 'போல்கேட் கலப்பு'. ஐரோப்பியப் போல்கேட் என்ற காட்டு விலங்கைப் பல நூற்றாண்டுகள் வளர்த்துப் பழக்கி வந்ததுதான் ஃபெரட், அதனால் பழுப்பும் கறுப்புமாக முகத்தில் முகமூடி போட்டது போன்ற நிறம் சாதாரண ஃபெரட்டுக்கே வரும். அந்த நிறத்தைக் காட்டிக் காட்டு ரத்தம் என்று விலையை ஏற்றுவது பழைய வியாபாரத் தந்திரம். ஒருவேளை நிஜமாகவே முதல் தலைமுறைக் கலப்பாக இருந்தால் அது இன்னும் மோசம், மிரளும், கையில் நிற்காது. நிறத்தில் எனக்குப் பிடித்தது வெள்ளை. வேலை ஒன்றுதான், ஆனால் சாயங்கால வெளிச்சத்தில் புதருக்குள் வெள்ளை கண்ணுக்குத் தெரியும், பழுப்பை முயல் என்று நினைத்து நாய் கவ்வும்.

உண்மையில் பார்க்க வேண்டியது கைப்பழக்கம். விற்பவரை அவர் கையுறை இல்லாமல் கூண்டில் கைவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வளை வாயில் வந்து நின்று, கை நீண்டதும் உள்ளே பின்வாங்கும் ஃபெரட் ஒரு மத்தியானத்தையே தின்றுவிடும். அந்தக் குணம் பெரும்பாலும் வெடுக்கென்று பிடுங்கி எடுத்தவர்களால் வருவது. குட்டிகள் மே, ஜூனில் பிறக்கும், எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிக்கக் கூடாது. குட்டியாக வாங்கித் தினமும் கையில் எடுத்துப் பழக்கினால் அந்தக் குளிர்காலத்திலேயே வேலைக்கு வரும். மீட்பு மையங்களிலும் விசாரியுங்கள், கோடை முடிவில் வேண்டாமென்று விட்டுப்போனவை அங்கே வந்து சேரும்.

விளம்பரத்தில் பார்த்து, கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கைமாற்றும் தரகரிடம் மட்டும் போகாதீர்கள். நாய், பூனைக் குட்டிகளை இடைத்தரகர் விற்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 2020இல் சட்டம் கொண்டுவந்தார்கள், அதில் ஃபெரட்டுக்கு இடமில்லை. வேலை செய்யும் பிராணி என்றால் யாருக்கும் அக்கறை இல்லை போல.

அதே தரகர் "பட்டினி போட்டு விடுங்கள், வேகமாக விரட்டும்" என்றும் சொல்வார். பசித்த ஃபெரட் விரட்டாது, தின்னும். முதல் நாள் இரவு வழக்கமான இறைச்சியையே கொடுங்கள். பாலும் ரொட்டியும் கொடுக்கச் சொன்னால் காதில் வாங்காதீர்கள், பேதிதான் மிச்சம்.

ஜில் வாங்கச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. இனச்சேர்க்கை இல்லாவிட்டால் அது வசந்தத்தில் தொடங்கிய சினைப்பருவத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும். ஹார்மோன் ஏறி எலும்பு மஜ்ஜை கெட்டு, ரத்தசோகையில் செத்தே போகலாம். மார்ச் வாக்கில் பின்பக்கம் குறி வீங்கத் தொடங்கும், அதற்கு முன்பே மருத்துவரிடம் போய் ஹார்மோன் ஊசியோ தோலடி இம்ப்ளாண்ட்டோ கேளுங்கள். 'எங்களுக்கு நாய், பூனைதான்' என்று சொல்லும் மருத்துவமனைகள் இருக்கின்றன, போன் போட்டு ஃபெரட் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். விற்பவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா?

அக்டோபருக்குப் பிறகு, செடிகள் அடங்கிய குளிர்காலத்தில் விடுங்கள். வளைக்குள் பால்குடிக் குட்டிகள் இருக்கும் காலத்தில் வேண்டாம். கீரைப் பாத்திக்கு மட்டும் 90 சென்டிமீட்டர் உயரத்தில் 31 மில்லிமீட்டர் கண் கம்பிவலை போட்டு, அடியில் 15 சென்டிமீட்டரை வெளிப்பக்கம் மடித்துப் புதைத்தால் பாதிப் பிரச்சினை இப்போதே தீரும்.

உரிமையைப் பற்றி: 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்தை அனுபவிப்பவர் என்ற முறையில் அங்குள்ள முயலைப் பிடிக்கும் உரிமை குத்தகைக்காரரான உங்களுக்கு உண்டு, ஒப்பந்தத்தில் எழுதி அதைப் பறிக்க முடியாது. பக்கத்து நிலத்திலிருந்து முயல் வந்துகொண்டே இருந்தால்? 1954ஆம் ஆண்டுச் சட்டம் முயலைக் கட்டுப்படுத்துவது நிலத்தை வைத்திருப்பவர் கடமை என்கிறது. லண்டனுக்குள் இருக்கும் 'சிட்டி ஆஃப் லண்டன்' பகுதி, சில்லி தீவுகள், ஸ்கோகோம் தீவுக்கு மட்டும் விலக்கு. ஆனால் காகிதத்தில் இருக்கிறது என்பதால் அதிகாரி யாராவது வந்து பக்கத்துக்காரரைக் கேட்பார் என்று காத்திருந்தால் முட்டைக்கோஸ் மிஞ்சாது. நேரில் போய்ப் பேசி, அவர் பக்க வளைகளிலும் விட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதேபோல் உங்கள் நிலத்தில் வேறொருவரை ஃபெரட்டோடு வரச்சொன்னால் நீங்களும் எழுத்தில் கொடுக்க வேண்டும், வாய்ச்சொல் செல்லாது.