செருப்பு யாருடையது என்று கேட்டீர்களா?

கேள்வி: மட்டக்களப்பில் அண்மையில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். பழைய செருப்பு, கிழிந்த சேலை, கால் உடைந்த கதிரை. காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றியதாம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ஓவியம் கீறத் தெரியாதவர்கள் எங்கள் துயரத்தை விற்றுப் பெயரெடுக்கிறார்கள். வெளிநாட்டு நவீன கலை அருங்காட்சியகங்களில் இப்படியெல்லாம் வைப்பார்களா?
— ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: வைத்திருக்கிறார்கள். காலணி, உடுப்பு, கதிரை என்று நீங்கள் குறை சொன்ன மூன்றும் ஒரே கலைஞரின் கையில் கலையாகியிருக்கின்றன. கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ. 1958இல் பொகோட்டாவில் பிறந்தவர்.

செருப்பிலிருந்தே தொடங்குகிறேன். 1990களில் அவர் செய்த ஒரு படைப்பு இன்று சான் பிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. சுவரில் சின்னச் சின்ன மாடங்கள். உள்ளே காணாமல்போனவர்களின் காலணிகள், பெரும்பாலும் பெண்களுடையவை. புதைகுழி தோண்டப்படும்போது ஆளை அடையாளம் காட்டுவது பல வேளைகளில் காலணிதான். அவற்றைக் குடும்பங்களே கொடுத்தன. சல்செடோ அவற்றைப் பளிச்சென்று காட்டவில்லை. ஒவ்வொரு மாடத்தின் வாயையும் மாட்டின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடி, சத்திரசிகிச்சை நூலால் சுவரோடு சேர்த்துத் தைத்தார். உள்ளே ஏதோ இருப்பது தெரியும், தெளிவாகத் தெரியாது. இருக்கிறாரா இல்லையா என்று அறியாமல் முப்பது வருடம் வாசலைப் பார்த்திருக்கும் ஒரு தாயின் நிலை அதுதானே? அழகாகக் கீறிய ஒரு முகம் அதைச் சொல்லிவிடுமா?

சித்தாண்டிப் பக்கம் ஒரு வீட்டில் எனக்கு ஒரு சேர்ட்டைக் காட்டினார்கள். ட்ரங்குப் பெட்டிக்குள் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தது. “கழுவினா மணம் போயிரும் மனே” என்றார் அந்த அம்மா. அந்தச் சேர்ட்டைத் தொடும் துணிவு எனக்கு வரவில்லை. அதைத் தொட ஒருவர் முன்வந்தால், எத்தனை நாள் அந்த வீட்டுத் திண்ணையில் இருந்துவிட்டு வந்தார் என்றுதான் முதலில் கேட்பேன்.

சல்செடோ அப்படி இருந்தவர். பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேச்சுக் கேட்டவர். 1985இல் பொகோட்டாவில் உச்ச நீதிமன்றம் இருந்த நீதி மாளிகை முற்றுகையிடப்பட்டு எரிந்ததை நேரில் கண்டவர். 17 வருடம் கழித்து, 2002இல், அதே இடத்தில் எழுந்திருந்த புதிய கட்டடத்தின் கூரையிலிருந்து 280 வெறுங்கதிரைகளைச் சுவர்வழியே மெல்ல மெல்ல இறக்கினார். அதற்கு 53 மணித்தியாலம் எடுத்தது. நுழைவுச்சீட்டு இல்லை, தெருவில் போனவர்கள்தான் பார்வையாளர்.

பெரிய மண்டபங்களும் அவரை அழைத்தன. 2007இல் லண்டன் டேட் மொடேர்ன் அருங்காட்சியகத்தின் தரையில் 167 மீற்றர் நீளத்துக்கு ஒரு வெடிப்பை உண்டாக்கினார். கண்காட்சி முடிந்து அதை நிரப்பினார்கள், தழும்பு இன்றும் தரையில் தெரிகிறது. 2015இல் சிக்காகோவிலும் நியூயோர்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்திலும் அவருடைய வேலைகளைத் திரட்டிக் காட்டினார்கள். சித்திரவதை செய்து கொல்லப்பட்ட ஒரு தாதிக்காக ஆயிரக்கணக்கான ரோசா இதழ்களைத் தைத்துச் செய்த போர்வை அங்கே தரையில் விரிந்து கிடந்தது. 2019இல் டப்ளினில் உள்ள அயர்லாந்து நவீன கலை அருங்காட்சியகம் அவருக்கு வைத்த கண்காட்சியின் தலைப்பே துக்கம் காத்தலைப் பற்றியது. சவப்பெட்டி அளவு மேசைகள், ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து, நடுவே மண். பலகை இடுக்குகளால் புல் முளைத்து வெளியே வருகிறது. கொலம்பிய இராணுவம் கொன்று, போராளிகள் என்று கணக்குக் காட்டிய இளைஞர்களைத் தேடியலைந்த தாய்மாரோடு பழகியபின் அவர் செய்தது அது.

இதில் எதிலும் இரத்தம் இல்லை, அழும் முகம் இல்லை, பிணம் இல்லை. இருப்பது கைவேலை, மாதக்கணக்கில், நூல்நூலாக.

துயரத்தை விற்கிறார்கள் என்ற உங்கள் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. விற்பவர்கள் உண்டு. தாயிடம் ஒரு சொல் கேட்காமல் அவர் கண்ணீரைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிறவர்களை நானும் மன்னிக்கமாட்டேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதாது. கீறத் தெரியுமா என்பதும் அதற்கு அளவுகோல் அல்ல. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைக் கொண்டுபோனார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வீடுகளிலெல்லாம் ஒரு செருப்போ தொப்பியோ இன்னும் இருக்கும். அதை வெளியே எடுத்துவரும் பிள்ளை எங்கள் ஊரில் இருந்தால், அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

கண்காட்சி இன்னும் நடந்தால் திரும்பிப் போங்கள். அந்தக் கலைஞரைக் கண்டு, செருப்பு யாருடையது, கொடுத்தது யார், கொடுத்தவர் வந்து பார்த்தாரா என்று கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். பதில் இருந்தால் அதையும் எழுதுங்கள்.