பஸ்சு, பாசஞ்சர் பயணத்துக்கு மைக் வச்ச வயர் ஹெட்செட்: நீங்க கேட்டதும் என் பதிலும்

பாளையங்கோட்டையில செல்போன் சர்வீஸ் டேபிள்ல உக்காந்து 13 வருசமாச்சு. டிஸ்ப்ளேக்கு அடுத்தபடியா என் கைக்கு அதிகமா வாரது அத்துப்போன ஹெட்செட்டுதான். தினமும் பயணம் போறவங்க நிறையப் பேரு கேள்வி அனுப்பிருந்தீங்க, ஒரே மாதிரி இருந்ததச் சேத்து எழுதுதேன். எல்லாத்துக்கும் முன்னால ஒண்ணு சொல்லிருதேன், பஸ்சுக்கும் ரயிலுக்கும் வாங்குததா இருந்தா பேஸ் (அடியில ‘தும்தும்’னு வார சத்தம்) எம்புட்டு, பிராண்டு என்னன்னு முதல்ல பாக்காதீங்க. காதுல அடைச்சு உக்காருதா, மைக்குல நம்ம குரல் தெளிவா போகுதா, இந்த ரெண்டையும் பாருங்க, மத்ததெல்லாம் பொறவுதான்.

அம்பாசமுத்திரத்துல இருந்து தினமும் பாசஞ்சர்ல திருநெல்வேலிக்கு வேலைக்கு வாரேன். 700 ரூவாதான் பட்ஜெட். எல்லாரும் புளூடூத் வாங்குன்னு சொல்லுதாங்க, நீங்க என்ன சொல்லுதீங்க அண்ணாச்சி?

வயரே வாங்குங்க தம்பி. 700 ரூவாய்க்கு புளூடூத் கிடைக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா அந்தக் காசு பேட்டரிக்கும் சிப்புக்கும் சார்ஜ் டப்பாவுக்கும் போயிரும், ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் மிச்சம் கம்மிதான். இன்னொண்ணும் கவனிச்சிருப்பீங்க, புளூடூத்துல பாட்டு ஜோரா ஓடிக்கிட்டு இருக்கும்போது கால் வந்து பேச ஆரம்பிச்சா சத்தம் சட்டுன்னு மங்கிப்போவும். பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேற ஒரு வழின்னு அதுல தனித்தனியா இருக்கு, பேசும்போது போறதும் வாரதும் அந்த ஒத்த வழியிலயே நடக்கணும்ங்கதால தரம் குறைஞ்சிரும். வயர்ல அந்தத் தொல்லை இல்ல, சார்ஜும் போட வேண்டாம். சேரன்மகாதேவியில கூட்டம் ஏறும்போது இடிச்சுக் காதுல இருந்து கழண்டாக்கூட நெஞ்சுலதான் தொங்கும், தண்டவாளத்துக்குப் போகாது. கூட்டத்துல வயர் மாட்டி இழுபடும்ங்கது உண்மை, அதுக்கு வயரச் சட்டைக்குள்ள விட்டு காலர் வழியா எடுத்துக்கிடுங்க.

வள்ளியூர்ல இருந்து நாகர்கோவிலுக்கு பஸ்சுல போறேன். போன் பேசுனா எதிர்ல உள்ளவங்களுக்கு ஒரே காத்து சத்தமா கேக்குதாம், நான் சொல்லுதது எதுவும் புரியலையாம். மைக் நல்லா உள்ள ஹெட்செட் எப்படிக் கண்டுபிடிக்க?

காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போனா கரண்டு எடுக்குத காத்தாடி சுத்துத காத்து அது, எந்த மைக்கும் கொஞ்சம் திணறத்தான் செய்யும், அதுலயும் ஆனி ஆடியில கேக்கவே வேண்டாம். என்ன நடக்குதுன்னா, போன கையில பிடிச்சுப் பேசும்போது போன்ல உள்ள ரெண்டு மூணு மைக்கு சேந்து வெளிச்சத்தத்தக் கழிச்சுக் குரல மட்டும் அனுப்பப் பாக்கும். ஹெட்செட்ட குத்துன உடனே போன் அதெல்லாத்தயும் விட்டுட்டு வயர்ல உள்ள ஒத்த மைக்க நம்பிரும். அந்த மைக்கு கடுகு சைஸ் ஓட்டைக்குள்ள உக்காந்துருக்கு, ஓட்டை மேல காத்து நேரா அடிச்சா பட்பட்டுன்னு அதுதான் முதல்ல போகும், நம்ம குரல் அடியில மாட்டிக்கிடும்.

அதனால முதல்ல மைக் எந்தப் பக்க வயர்ல இருக்குன்னு பாருங்க. அந்தப் பக்கம் ஜன்னல் வராத மாதிரி உக்காருங்க, இதுலயே பாதி சரியாயிரும். மைக் தாடைக்குக் கொஞ்சம் கீழ தொங்கணும், நெஞ்சு வரைக்கும் இறங்குத மாடல் வேண்டாம், சட்டை பட்டன்ல உரசி கரகரன்னு கேக்கும். சில பேரு மைக்க வாய்க்குள்ள போடுத மாதிரி பிடிச்சுப் பேசுவாங்க, மூச்சுக் காத்தும் சேந்து அடிச்சு இன்னும் மோசமாவும். நான் எனக்கு மைக் ஓட்டை மேல மெல்லிசா ஒரு துண்டு ஸ்பாஞ்ச சுத்தி நூல் கட்டி வச்சிருக்கேன், பாக்க நல்லா இருக்காது, ஆனா காத்து உடைஞ்சிருது.

கடையில மைக்க சோதிக்க ஒரே வழிதான். அங்கனயே ஹெட்செட்ட குத்தி போன்ல வாய்ஸ் ரெக்கார்டர போட்டு, ரோட்டுப் பக்கம் திரும்பி நின்னு ஒரு நிமிசம் சாதாரணமா பேசுங்க, அப்புறம் போட்டுக் கேளுங்க. டப்பாவுல ‘எச்டி மைக்’ன்னு என்ன போட்டிருந்தாலும் அந்த ஒரு நிமிசம் சொல்லுததுதான் நெசம்.

இன்னொரு வழியும் இருக்கு, நிறையப் பேருக்குத் தெரியாது. மைக் இல்லாத சாதா இயர்ஃபோன், அதாவது ஜாக்குல (போன்ல குத்துத முனையில) ரெண்டு கோடு மட்டும் உள்ளதக் குத்தினா போன் தன்னோட சொந்த மைக்கையே வச்சுக்கிடும். நீங்க காதுல கேட்டுக்கிட்டே போன வாய்க்குப் பக்கத்துல பிடிச்சுப் பேசலாம். காத்து ஜாஸ்தியா உள்ள ரூட்டுல இது நல்லாவே வேலை செய்யுது.

பாட்டு ஓடுது, ஆனா பாடுதவங்க குரல் மட்டும் கேக்கல, தூரத்துல கிணத்துக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருக்கு. புது ஹெட்செட்டு, வாங்கி ரெண்டு நாள்தான் ஆச்சு. மாத்திக் கேக்கவா?

கொஞ்சம் பொறுங்க. முதல்ல போன் கவர கழட்டிட்டு ஜாக்க அழுத்திக் குத்திப் பாருங்க. போன மாசம் சீவலப்பேரிக்காரத் தம்பி ஒருத்தன் இதே புகாரோட வந்தான், கையில ரெண்டாவது ஹெட்செட்டு, ரெண்டுலயும் அதே பிரச்சினைன்னு முகத்த தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். தடி ரப்பர் கவர், ஓட்டை சின்னதா இருந்ததுல ஜாக் ஒரு மில்லி மீட்டர் உள்ள போகாம நின்னுக்கிட்டு இருந்தது. கவர கழட்டுன உடனே குரல் வந்துட்டு.

ஏன் குரல் மட்டும் போகுதுன்னு கேட்டா, மைக் வச்ச ஜாக்குல மூணு கருப்புக் கோடு, நாலு பகுதி இருக்கும். நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூணாவது எர்த்து, அதாவது கரண்டு திரும்பிப் போற வழி, அடியில மைக்கு. ரெண்டு காதுக்கும் பொதுவா உள்ள அந்த எர்த்து சரியா படலன்னா, கரண்டு இடது ஸ்பீக்கர் வழியா போயி வலது ஸ்பீக்கர் வழியா திரும்பும், அப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணா பதிஞ்சது அடிபட்டுப் போயிரும், வித்தியாசம் மட்டும்தான் கேக்கும். பாட்டுல பாடகர் குரல நடுவுல, ரெண்டு பக்கமும் சமமாத்தான் வச்சிருப்பாங்க, அதனால அதுதான் காணாமப் போகும்.

கவரக் கழட்டியும் சரியாகலன்னா மைக்குல உள்ள பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க. அமுக்கும்போது மட்டும் குரல் வந்தா எர்த்தும் மைக்கும் இடம் மாறின பழைய ரக வயரிங், கடையில குடுத்து மாத்திக்கிடுங்க. பட்டன் அமுக்கியும் வரலன்னா உள்ள எர்த்து வயர் அந்திருக்கு.

புது போன்ல ஹெட்செட் குத்துத ஓட்டையே இல்ல. 100 ரூவாய்க்கு டைப் சி கன்வெர்ட்டர் வாங்கினேன். மச்சான் போன்ல பாடுது, என் போன்ல பாட மாட்டேங்குது. இது என்ன நியாயம்?

கன்வெர்ட்டர்ல ரெண்டு ரகம் இருக்கு. சில போனு பாட்ட காதுக்கு ஏத்த கரண்டு அலையா உள்ளயே மாத்தி டைப் சி வழியா வெளிய விடும், அதுக்கு சும்மா வயர் இணைப்பு மட்டும் உள்ள கன்வெர்ட்டர் போதும், உங்க மச்சான் போனு அந்த ரகம். உங்க போனு டிஜிட்டலாத்தான் வெளிய விடும், அத மாத்த கன்வெர்ட்டருக்குள்ளயே ஒரு சிப்பு இருக்கணும், டிஏசின்னு சொல்லுவாங்க. கடையில ‘டிஏசி உள்ளது குடுங்க’ன்னு கேட்டு, உங்க போன்லயே குத்தி, பாட்டு மட்டும் இல்லாம ஒரு கால் போட்டு மைக்கும் எடுக்குதான்னு பாத்து வாங்குங்க. ஐபோன்காரங்க கவனிக்கணும், 2016ல வந்த 7ம் மாடல்லயே அந்த ஓட்டைய எடுத்துட்டாங்க, 14ம் மாடல் வரைக்கும் ஆப்பிளோட சொந்த லைட்னிங் முனை, அதுல டைப் சி கன்வெர்ட்டர் சேராது, 2023ல வந்த 15ல இருந்துதான் டைப் சி.

கன்வெர்ட்டர தினமும் கழட்டி மாட்டாதீங்க, ஹெட்செட்டோட சேத்தே வச்சுக்கிடுங்க, தொலையவும் செய்யாது.

மகாராஜநகர்ல இருந்து ஒரு காலேஜ் பொண்ணு: காதுல நிக்கவே மாட்டேங்குது, வலது பக்கம் மட்டும் வழுக்கி வழுக்கி விழுது. பஸ்சு சத்தத்துக்கு முழு வால்யூம் வச்சாத்தான் பாட்டு கேக்குது.

ரெண்டு கேள்வின்னு நினைச்சிருக்கீங்க தாயி, ஒண்ணுதான். டப்பாவுக்குள்ள சின்னது பெருசுன்னு கூட ரெண்டு ஜோடி ரப்பர் இருந்திருக்குமே, அத எங்கன வச்சீங்க? நூறு பேருல முக்காவாசிப் பேரு நடு சைஸ மாத்திப் பாக்குததே இல்ல. ரெண்டு காது ஓட்டையும் ஒரே அளவா இருக்கணும்னு சட்டம் இல்ல, எனக்கே இடது பக்கம் நடு சைஸ், வலது பக்கம் பெருசு. மாட்டும்போது இன்னொரு கையால காத மேலயும் பின்னாலயும் லேசா இழுத்துக்கிட்டு உள்ள வச்சு, அப்புறம் காத விட்டுருங்க. சரியா உக்காந்துருந்தா உங்க குரலே உங்களுக்கு மண்டைக்குள்ள கேக்குத மாதிரி இருக்கும், பஸ்சு எஞ்சின் சத்தம் தள்ளிப் போயிரும், பேஸும் தானா வரும். பேஸ் இல்லன்னு ஹெட்செட்ட திட்டுதவங்கள்ல பாதிப் பேருக்கு ரப்பர் சைஸ்தான் தப்பு.

அடைச்சு உக்காந்தா வால்யூம் பாதியில போதும். இத நான் ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்லுதேன்னா, உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா (டெசிபல்ங்கது சத்தத்த அளக்குத கணக்கு) வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம்னு கணக்கு வச்சிருக்கு, 90 டெசிபல்னா அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினதுக்கு பத்துல ஒரு பங்கா நேரம் குறைஞ்சிட்டு, பாத்தீங்களா. பஸ்சுல ஏற்கனவே எஞ்சின் உறுமுது, டிரைவர் பாட்டு போட்டிருக்காரு, அதுக்கு மேல நம்ம பாட்டு கேக்கணும்னு ஏத்திக்கிட்டே போனா தினம் ஒரு மணி நேரப் பயணத்துலயே அந்த 4 மணி தாண்டிரும். காது நரம்பு செல்லு போனா திரும்ப முளைக்காது. இறங்கின பிறகு காதுல ‘ஙொய்ங்’ன்னு இரைச்சல் இருந்துக்கிட்டே இருந்தா ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை டாக்டர பாத்துருங்க, தள்ளிப் போடாதீங்க.

ரப்பர் உள்ள போறதே பிடிக்காதவங்க வெளிய உக்காருத மாடல் வாங்குவாங்க. வீட்டுல கேக்க அது சுகம்தான், பயணத்துக்கு வேண்டாம்னு சொல்லுவேன்.

மூணு மாசத்துக்கு ஒண்ணு போகுது. ஜாக் கிட்டதான் அத்துப் போகுது. அத்துப் போகாத ஹெட்செட் எது?

ஜாக் எல் மாதிரி வளைஞ்சு உள்ளதா வாங்குங்க, வயர் ஜாக்க விட்டு வெளிய வார இடத்துல நெளியுத ரப்பர் அரை இஞ்சாவது இருக்கணும். பொறவு நீங்க சுத்தி வைக்குத விதம்தான். போனச் சுத்தி இறுக்கிக் கட்டி பாக்கெட்டுல போட்டா எல்லா வளைவும் ஜாக் கிட்ட அந்த ஒத்த இடத்துலதான் விழும். உள்ளங்கையில நாலு விரல்ல லூசா வட்டமா சுத்தி, கழட்டி தனியா வைங்க. உக்காரும்போது பின் பாக்கெட்டுல போன வச்சு வயர் குத்தியே இருந்தா எந்த வயரும் தாங்காது.

அத்துப் போனதத் தூர எறியவும் வேண்டாம். உள்ள பிரிச்சா முடி மாதிரி வயரு, பச்சை இல்லன்னா நீலம் இடது, சிவப்பு வலது, செம்பு நிறம் எர்த்து, மைக்குக்கு தனியா ஒண்ணு, கம்பெனிக்கு கம்பெனி நிறம் கொஞ்சம் மாறும். நிறையப் பேரு வீட்டுல நேரா முறுக்கி ஒட்டிட்டு வேலை செய்யலன்னு கொண்டு வாராங்க. அந்த நிறமே வார்னிஷ் பூச்சுதான், கரண்ட விடாது. சால்டரிங் அயர்ன் நுனியில ஈயச் சொட்டு வச்சு அதுக்குள்ள வயர் முனைய முக்கிப் பிடிச்சா புகை வந்து பூச்சு எரிஞ்சு முனை வெள்ளியா மாறும், அதுக்கு அப்புறம்தான் புது ஜாக்குல பத்த வைக்கணும். நல்ல ஸ்பீக்கர் உள்ள ஹெட்செட்டுன்னா இந்த வேலைக்குத் தகும்.

ஒரு பக்கம் சத்தம் கம்மியாயிட்டே வருது.

பெரும்பாலும் காது அழுக்குதான். ரப்பரக் கழட்டி, வலை உள்ள பக்கம் கீழ பாத்த மாதிரி பிடிச்சுக்கிட்டு, காஞ்ச பழைய டூத் பிரஷ்ஷால மெல்ல தட்டித் தேயுங்க. ஊசி போட்டுக் குத்தாதீங்க, ஊதவும் செய்யாதீங்க, அழுக்கு உள்ளதான் போகும். ரப்பர மட்டும் சோப்புத் தண்ணியில கழுவிக் காய வச்சு மாட்டுங்க.

லேப்டாப்புல மைக் வேலை செய்யல, போன்ல செய்யுது.

லேப்டாப்புல ஒரே ஓட்டை, அதுல ஹெட்போனும் மைக்கும் சேந்த படம் இருந்தா நேரா வேலை செய்யணும், செட்டிங்ல எந்த மைக் தேர்வாயிருக்குன்னு பாருங்க. பழைய மாடல்ல ரெண்டு ஓட்டை தனித்தனியா இருந்தா ஒய் ஸ்பிளிட்டர், அதாவது ஒரு ஜாக்க ஹெட்போனுக்கு ஒண்ணு மைக்குக்கு ஒண்ணுன்னு பிரிக்குத வயர், வேணும்.

மவன் பைக்ல வேலைக்குப் போறான், ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு மேல ஹெல்மெட் போட்டுருதான். சொன்னா கேக்கல. ஒத்த காதுல மாட்டுனா பரவாயில்லையா?

ஒத்த காதும் வேண்டாம் அக்கா. பின்னால வார லாரி எந்தப் பக்கம் வருதுன்னு மூளை கணக்குப் போடுததே ரெண்டு காதையும் வச்சுத்தான், ஒண்ண அடைச்சா திசையே தெரியாது. வண்ணாரப்பேட்டை பாலத்துல காலையில என்ன நெரிசல்னு உங்களுக்கே தெரியும். வண்டிய ஓரமா நிறுத்திட்டுப் பேசச் சொல்லுங்க. தண்டவாளத்தக் குறுக்க தாண்டுதவங்களுக்கும் இதேதான், இப்ப கரண்டு எஞ்சின் வாரது சத்தமே இல்லாமத்தான் வருது, நடந்து போகும்போதும் கழட்டிருங்க. அவன் கேக்கலன்னா கடைக்குக் கூட்டிட்டு வாங்க, நான் பேசுதேன்.

ரிட்டயர்டு ஆளு நான், திருச்செந்தூர் ரயில்ல போவேன். எனக்கு எஃப்.எம். கேட்டாப் போதும். வயர் ஹெட்செட் மாட்டுனாத்தான் எடுக்கும்னு போன் சொல்லுது, ஏன்?

அந்த வயருதான் ஏரியல், அண்ணாச்சி. எஃப்.எம். அலையோட நீளம் சுமார் 3 மீட்டர், அதுல கால்வாசி முக்கா மீட்டராவது வயர் நீளம் இருந்தா நல்லாப் பிடிக்கும், ஹெட்செட் வயர் அதுக்குத் தோதா இருக்கு. அதனால வயரச் சுருட்டி மடியில வைக்காதீங்க, நீட்டி விடுங்க, ஜன்னல் பக்கம் உக்காந்தா இரும்புப் பெட்டிக்குள்ள இன்னும் கொஞ்சம் நல்லா எடுக்கும். உங்களுக்கு ஹெட்செட் குத்துத 3.5 எம்.எம். வட்ட ஓட்டை உள்ள போனும் சாதா வயர் ஹெட்செட்டும்தான் சரி. புது போன் வாங்கும்போது எஃப்.எம். ஆப் இருக்கான்னு கேட்டு, கடையிலயே ஹெட்செட்ட குத்தி ஒரு ஸ்டேசன் பிடிச்சுப் பாத்துட்டுக் காசக் குடுங்க.