குளத்து மீனை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி: பூதப்பாண்டி பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தை நாலு பேர் சேர்ந்து மீன்பாசி ஏலத்தில் எடுத்திருக்கிறோம். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டோம். இப்போது வலை போட்டால் நாங்கள் விடாத மீன்களும் நிறைய வருகின்றன. ஒரே மீனுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். செல்போன் செயலியில் படம் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் காட்டுகிறது. எதை வைத்து அடையாளம் காண்பது? எதைத் திரும்பக் குளத்தில் விடலாம், எதை விடக்கூடாது?

பதில்: உங்கள் தேவைக்கு எல்லா மீனின் அறிவியல் பெயரும் தெரிய வேண்டியதில்லை. கையில் இருக்கும் மீன் எந்தக் கூட்டம் என்று தெரிந்தாலே முக்கால்வாசி முடிவை எடுத்துவிடலாம். அதற்கு மேல், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிற சில ஜோடிகளைப் பிரிக்கத் தெரிந்தால் போதும். ஊர்ப் பெயரை வைத்துக் கூட்டம் பிரிக்க வேண்டாம். ஜிலேபிக் கெண்டையும் (திலேப்பியா) பனையேறிக் கெண்டையும் கெண்டைக் குடும்பமே இல்லை.

நிறத்தையும் அளவையும் கடைசியில் பாருங்கள். செயலி குழம்புவதற்கும் பெரும்பாலும் நிறம்தான் காரணம். கலங்கல் தண்ணீரில் கிடந்த மீன் வெளிறியிருக்கும், அதே மீன் தெளிந்த தண்ணீரில் கருத்திருக்கும். செத்த கொஞ்ச நேரத்தில் வரிகளும் புள்ளிகளும் மங்கிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் திலேப்பியா கன்னங்கரேல் என்று மாறி, தொண்டை மட்டும் வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்து நிற்கும். பெண் சாதாரணச் சாம்பல் நிறம். இரண்டையும் வேறு வேறு மீன் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.

இதைவிட நல்ல உதாரணம் நம் வாய்க்கால்களில் கூட்டமாகத் திரியும் ஒரு சிறு கெண்டை. அறிவியலில் டாகின்சியா ஃபிலமென்டோசா என்பார்கள். குஞ்சில் உடம்புக்குக் குறுக்கே மூன்று கறுப்புப் பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மறைந்து, வாலுக்கு முன்னால் ஒரே ஒரு கறுப்புத் திட்டு மிஞ்சும். முதிர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாக இழைகள் நீளும். குஞ்சு, பெண், ஆண் மூன்றையும் ஒரே தட்டில் வைத்தால் மூன்று இனம் என்றுதான் தோன்றும்.

அப்படியானால் எதை நம்புவது? துடுப்புகள் எங்கே இருக்கின்றன, அவற்றில் முள் உண்டா, மீசை எத்தனை ஜோடி, வாய் எந்தப் பக்கம் திறக்கிறது, செதில் எப்படி. இவை தண்ணீருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதில்லை. மீனை ஈரமான வெள்ளைத் தட்டில், அதன் தலை உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும்படி கிடத்துங்கள். துடுப்புகளை விரலால் விரித்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். வாயைத் தனியாக ஒரு படம், தலையை மேலிருந்து ஒரு படம். கையில் தூக்கிப் பிடித்து எடுத்த படத்தில் துடுப்பு மடங்கியிருந்தால், எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சரி, மீன் தட்டில் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது: செதில் உண்டா? செதில் இல்லாமல் வழுவழுவென்று மீசையோடு இருந்தால் கெளுத்திக் கூட்டம். உங்கள் குளத்துக்கு ஆபத்து இந்தக் கூட்டத்தில்தான் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதுகில் முள்ளோடு சின்னத் துடுப்பு, அதற்குப் பின்னால் முள்ளும் கதிரும் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சி) இல்லாத சதைப்பற்றான கொழுப்புத் துடுப்பு, கவட்டை வால், நாலு ஜோடி மீசை என்றால் அது நம் நாட்டுக் கெளிறு. முதுகுத் துடுப்பு குட்டையாக, முள் இல்லாமல், கொழுப்புத் துடுப்பும் இல்லாமல், வால் வட்டமாக இருந்தால் தேளி. மலையாளம் கலந்து பேசும் மேற்குப் பக்கத்தில் காரி என்பார்கள். தேளியைக் கையில் எடுக்காதீர்கள், மார்புத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் காய்ச்சல் வருமளவுக்குக் கடுக்கும். இரண்டே ஜோடி மீசை, கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய், வால் வரை ஓடும் நீண்ட அடித்துடுப்பு (மலத்துளைக்குப் பின்னால் உள்ள துடுப்பு) என்றால் ஆற்று வாளை. கடற்கரையில் வாளை என்று விற்கும் மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி முக்கியமானது. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஒரே ஓட்டமாக, முள்ளே இல்லாமல் போகிறதா? மீசை நாலு ஜோடியா? அது முஷி வகை. அதில் நாட்டு இனமும் உண்டு, ஆப்பிரிக்க இனமும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் தடை இருக்கிறது. ஆனாலும் வெள்ளத்தில் பண்ணைக் குட்டைகளிலிருந்து தப்பிக் குளங்களுக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் பிரிக்கத் தலையை மேலிருந்து பாருங்கள். மண்டையோட்டின் பின்னால், முதுகை நோக்கி நீளும் எலும்பு விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். அது வட்டமாக மழுங்கியிருந்தால் நாட்டு முஷி. கூராக முனை வைத்திருந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஆப்பிரிக்க மீனின் தலை அகன்று தட்டையாக இருக்கும், உடம்பில் பாசி நிறத் திட்டுகள் ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும். நம் நாட்டு முஷி ஒரு முழத்தைத் தாண்டுவது அரிது. கிலோக்கணக்கில் எடையோடு கை நீளத்துக்கு ஒன்று வந்தால் பெரும்பாலும் வெளிநாட்டதுதான். ஆனாலும் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆப்பிரிக்கக் குஞ்சும் சின்னதாகத்தான் இருக்கும். எலும்பைத் தடவிப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

கெளுத்திக் கூட்டம் முடிந்தது. செதில் உள்ள மீன்களுக்கு அடுத்த கேள்வி: வயிற்றுத் துடுப்பு எங்கே இருக்கிறது? வயிற்றின் நடுவில் தள்ளி இருந்தால், கூடவே தலையில் செதில் இல்லாமல், தாடையில் பல்லும் இல்லாமல், மூக்குத் துளை பக்கத்துக்கு இரண்டாக இருந்தால், அது உண்மையான கெண்டைக் குடும்பம். வயிற்றுத் துடுப்பு முன்னால் நகர்ந்து, மார்புத் துடுப்புக்கு நேர் கீழே வந்துவிட்டால் வேறு கூட்டம். திலேப்பியா, கரிமீன், பனையேறி, வரால் எல்லாம் அந்தப் பக்கம்.

நீங்கள் விட்ட கெண்டைகளை வாயை வைத்தே பிரித்துவிடலாம். கட்லாவுக்குத் தலை பெரிது, வாய் மேல்நோக்கித் திறக்கும், மீசை இல்லை. ரோகுவுக்குத் தலை சிறிது, கீழுதடு ஓரம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். மிர்காலுக்கு மூக்கு மழுங்கி, வாய் அடியில் இருக்கும், உதட்டில் சுருக்கம் இருக்காது. சாதாக் கெண்டைக்கு இரண்டு ஜோடி மீசையும், முன்கதிர் ரம்பம் போல் கூரான நீண்ட முதுகுத் துடுப்பும் உண்டு. கண் தலையின் பாதிக்குக் கீழே இறங்கி, செதில் பொடிப்பொடியாக இருந்தால் வெள்ளிக் கெண்டை. இவற்றில் எதிலும் சரியாகச் சேராமல், கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இடைப்பட்ட முகத்தோடு ஒரு மீன் வந்தால் குழம்ப வேண்டாம். 1957இல் ஒடிசாவில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி மூலம் பெருங்கெண்டைகளைக் குஞ்சு பொரிக்க வைத்ததற்குப் பிறகு குஞ்சுப் பொரிப்பகங்கள் நாடெங்கும் பரவின. அங்கே கட்லாவும் ரோகுவும் கலந்த கலப்பினங்களும் உருவாகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று பெருங்கெண்டைகளுமே வட இந்திய ஆறுகளிலிருந்து வந்தவைதான், உங்கள் பக்கத்துப் பழையாற்றின் பூர்வீக மீன்கள் அல்ல.

திலேப்பியாவா, கரிமீனா என்ற குழப்பம் சந்தையிலும் உண்டு. விலை வித்தியாசம் அதிகம் என்பதால் ஏமாற்றும் நடக்கிறது. மொசாம்பிக் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. கரிமீன் நம் மண்ணின் மீன், மணக்குடி போன்ற பொழிமுகங்களிலும் உள்நாட்டுக் குளங்களிலும் வாழும். இரண்டுக்கும் உடம்பு அகலம், இரண்டும் குறுக்கே பட்டை காட்டும், இரண்டுக்கும் மூக்குத் துளை பக்கத்துக்கு ஒன்றுதான். ஆனால் மலத்துளைக்குப் பின்னால் இருக்கும் அடித்துடுப்பை விரித்து, முன்னால் உள்ள முட்களை எண்ணுங்கள். திலேப்பியாவுக்கு வழக்கமாக 3. கரிமீனுக்கு 12 அல்லது 13. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பொரித்த மீனில்கூட எண்ணிவிடலாம். நிபுணர்கள் முள்ளை ரோமன் எண்ணிலும் மென்கதிரைச் சாதாரண எண்ணிலும் குறிப்பது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான். கரிமீனுக்கு மார்புத் துடுப்பின் அடியில் ஒரு கறுப்புத் திட்டும், வாய் மிகச் சிறியதாகவும் இருக்கும். திலேப்பியாவில் வால் துடுப்பு முழுக்கக் குறுக்குக் கோடுகள் இருந்தால் அது நைல் இனம். கிஃப்ட் என்று பண்ணையில் வளர்ப்பது இதன் தேர்ந்தெடுத்த வகை.

பனையேறியைத் தொட்டாலே தெரிந்துவிடும், செவுள் மூடி ஓரம் ரம்பம் போல் கையைக் கீறும்.

வரால் கூட்டத்துக்கு முதுகுத் துடுப்பு நீளம், முள் கிடையாது, மீசை கிடையாது, தலைமேல் பாம்புக்கு இருப்பது போலப் பெரிய தகட்டுச் செதில்கள் உண்டு. இதில் வராலையும் குறவையையும் மாற்றிச் சொல்வதுதான் அதிகம் நடக்கிறது. உடம்பின் பக்கவாட்டில் ஓடும் பக்கக்கோட்டில் உள்ள செதில்களை ஊசி முனையால் எண்ணுங்கள். குறவைக்கு 40ஐ ஒட்டி நின்றுவிடும். வராலுக்கு 50ஐத் தாண்டும். 60க்கும் மேலே போய், வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை விளிம்போடு கறுப்புக் கண் ஒன்றும் இருந்தால் புள்ளி வரால். வரால் உங்கள் கெண்டைக் குஞ்சைத் தின்னும் என்பது உண்மை. ஆனாலும் அது விலை போகும் நாட்டு மீன். அதைக் குளத்திலிருந்து துடைத்தெடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அடுத்த தடவை பெரிய அளவுக் குஞ்சாக விடுங்கள், இழப்பு குறையும். தண்ணீரின் மேற்பரப்பில் செந்நிறத்தில் வரால் குஞ்சுகள் கூட்டமாக மொய்ப்பதைக் கண்டால் அடியில் தாய்தகப்பன் காவல் நிற்கும். அந்த நேரத்தில் வீச்சுவலை வீச வேண்டாம் என்று உங்கள் பங்காளிகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தாயைப் பிடித்தால் அந்தக் குஞ்சு அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

பாம்பு போல நீண்ட மீன்களில் மூக்கு கூராக நீண்டு, முதுகில் தனித்தனி முட்கள் வரிசையாக இருந்தால் ஆரல். முட்கள் இல்லாமல், முதுகு, வால், அடித்துடுப்புகள் ஒன்றாக இணைந்திருந்தால் விலாங்கு. விலாங்கு முட்டையிடக் கடலுக்குப் போகிற மீன், மறுகால் பாயும்போது அதற்கு வழி விடுங்கள்.

சந்தையில் ரூப்சந்தா என்று விற்கும் மீன் உங்கள் வலையிலும் வரலாம். வாவல் போல வட்டமாக இருக்கும். அது தென்னமெரிக்கப் பாக்கு. முதுகுத் துடுப்புக்குப் பின்னால் கொழுப்புத் துடுப்பும், வாய்க்குள் கடைவாய்ப் பல் போல அரைக்கும் பற்களும் இருக்கும். கடல் வாவலுக்குக் கொழுப்புத் துடுப்பு இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கெளிறு, தேளி, நாட்டு முஷி, வரால், குறவை, பனையேறி, ஆரல், கரிமீன், சிறு கெண்டைகள் எல்லாம் இந்த மண்ணின் மீன்கள். பிடிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு மீதியைத் தாராளமாகத் திரும்ப விடுங்கள். திலேப்பியா வந்தால் திரும்ப விடாமல் எடுத்து விற்றுவிடுங்கள். அதை முழுசாக ஒழிக்க முடியாது, பெருக்கத்தைக் குறைக்கலாம். பாக்கும் அப்படித்தான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தண்ணீரில் விடாதீர்கள், பக்கத்து வாய்க்காலிலும் வீசாதீர்கள். அது காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்கே போய்விடும். கொன்று புதைத்துவிட்டு மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இதில் எனக்குள்ள பெரிய கவலை மலையோடைகள் பற்றியது. குமரி மாவட்டத்து மலையோடைகளில் வாழும் டாகின்சியா ரோஹானி என்ற சிறு கெண்டை 2010இல்தான் தனி இனம் என்று அறிவியலுக்கு அறிமுகமானது. விரல் நீள மீன், சந்தையில் மதிப்பில்லை, ஆனால் அதன் வீடு இந்தத் தென்கோடி மலைகள்தான். குளத்தில் மிஞ்சிய மீனையோ, வீட்டுத் தொட்டி மீனையோ கோதையாறு, பரளியாறு பக்கம் கொண்டுபோய் விடும் பழக்கம் யாருக்காவது இருந்தால் தடுத்து நிறுத்துங்கள். ஓடையில் விட்ட அந்நிய மீனைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாத மீன் ஒன்றிரண்டு இருக்கும். குடலை எடுக்காமல், துடுப்பு ஒடியாமல், ஒரு பாலிதீன் பையில் போட்டு ஐஸில் வையுங்கள். எந்தக் குளம், எந்தத் தேதி, எந்த வலை என்று பென்சிலால் ஒரு தாளில் எழுதி உள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். உயிரோடு இருக்கும்போது எடுத்த படங்களையும் சேர்த்து மீன்வளத் துறை அலுவலகத்திலோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ காட்டுங்கள். ஒரு மீனுக்குப் பதில் மூன்று நான்கு, சின்னதும் பெரிதுமாகக் கொண்டுபோனால் அவர்களுக்கும் முடிவு சொல்வது எளிது.