அந்த மண் எங்கே போகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2011 அணுமின் நிலைய விபத்தில் கதிரியக்கத் தூசு விழுந்த ஜப்பானின் புகுஷிமா மண்ணைப் பற்றி எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

சீசியத்தின் அரைவாழ்வு 30 வருடம் என்றால், 60 வருடத்தில் செர்னோபில் மண் முழுசாகச் சுத்தமாகிவிடும்தானே? – ஹற்றன்

ஆகாது. முதல் 30 வருடத்தில் பாதி போகும், அடுத்த 30இல் மிச்சத்தில் பாதி போகும். 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் விழுந்த, கதிர்வீச்சு விடும் சீசியம்-137இல் நூற்றுக்கு 40 பங்கு இன்னமும் இருக்கிறது. பத்தில் ஒரு பங்காக இறங்க 100 வருடம் வேண்டும். புளூட்டோனியம் விழுந்த இடம் என்றால் காத்திருக்கும் பேச்சே கிடையாது, அது பாதியாகவே 24,000 வருடம்.

ஒன்லைனில் வாங்கிய மீற்றர் வீட்டில் 0.15 காட்டுகிறது, தோட்டத்துப் பசளைக் களஞ்சியத்தில் 0.40. யாராவது அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்களா? – தலவாக்கலை

அலகை எழுதுங்கள் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். மணிக்கு மைக்ரோசீவேர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) என்று எடுத்துக்கொள்கிறேன். அங்கே எம்.ஓ.பி எனும் பொட்டாசியப் பசளை மூட்டை அடுக்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பொட்டாசியம் இருக்கும் இடமெல்லாம் கதிர்வீச்சு விடும் பொட்டாசியம்-40 இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். ஒரு கிலோ எம்.ஓ.பியில் ஏறக்குறைய 16,000 பெக்கரல் (பொருளில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்பதன் அலகு), உங்கள் உடம்பிலேயே 4,000 பெக்கரல். மூட்டையை விட்டுப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று அளந்தால் எண் இறங்கிவிடும். கழிவு கொட்டினார்கள் என்று ஊரில் கதை கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்ட: சூரியகாந்தி நட்டால் மண்ணிலுள்ள சீசியம் போய்விடுமாமே? – பண்டாரவளை ஆசிரியை ஒருவர்

போகாது, ரீச்சர். 2011இல் ஜப்பானிய விவசாய அமைச்சு நட்டுப் பார்த்தே விட்டது. செடி எடுத்தது மண்ணிலிருந்த சீசியத்தில் 2,000இல் ஒரு பங்கு. அதே பரீட்சார்த்தத்தில் மேல்மண்ணை 4 சென்ரிமீற்றர் வழித்தெடுத்தபோது முக்கால்வாசி குறைந்தது. பூ அழகுதான், ஆனால் அந்தச் செடியையும் பிறகு கழிவாகத்தான் பார்க்க வேண்டும்.

தேயிலை மலையில் அப்படி ஏதும் விழுந்தால் மண்ணை வழித்தெடுக்க முடியுமா? இந்தச் சரிவில்? – பொகவந்தலாவை, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை

நல்ல கேள்வி, ஐயா. சரிவில் மண்ணை வழித்தால் அடுத்த மழைக்கே மிச்ச மண்ணும் ஆற்றுக்குப் போய்விடும். 2011 மே மாதம், புகுஷிமா நிலையத்திலிருந்து சுமார் 300 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கனகாவா மாகாணத்துப் பச்சைக் கொழுந்திலேயே, அப்போதைய எல்லையான கிலோவுக்கு 500 பெக்கரலைத் தாண்டிய சீசியம் இருந்தது. வேர் வழியாக ஏறியது கொஞ்சம்தான். முற்றல் இலையில் விழுந்து, இலை வழியாகவே உள்ளே போய், புதுக் கொழுந்துக்கு வந்துவிட்டது. அதனால் அங்கே ஆழமாகக் கவ்வாத்து வெட்டினார்கள், அடுத்தடுத்த கொழுந்தில் அளவு இறங்கியது. நீங்கள் ஆயுள் முழுக்கப் பார்த்த அதே கவ்வாத்துதான்.

மகனுக்கு ஜப்பானில் மண் அள்ளும் வேலை என்று ஒரு முகவர் சொல்கிறார். கட்டுமானப் பயிற்சி விசாவாம். அது கதிர்வீச்சு மண்ணாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. – மஸ்கெலியா, ஒரு தாய்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பயிற்சி விசாவில் போகிறவரை அந்த வேலையில் போடவே கூடாது. 2018இல் இப்படி ஒரு விஷயம் வெளியே வந்தது. கட்டுமானப் பயிற்சி என்று நம்பி வியட்நாமிலிருந்து போன இளைஞர் ஒருவரை, என்ன மண் என்று சொல்லாமலே புகுஷிமாவில் மண் சுத்தம் செய்ய இறக்கிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் இது பயிற்சிக்குரிய வேலை அல்ல என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

ஒழுங்காகச் செய்தால் அந்த வேலை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஆபத்தானது அல்ல. சட்ட எல்லை வருடத்துக்கு 50 மில்லிசீவேர்ட், 5 வருடத்துக்கு 100; மண் வழித்தவர்களில் பெரும்பாலானோர் வாங்கியது வருடத்துக்கு ஓரிரண்டுக்குள். தூசு உள்ளே போகாமல் முகமூடி, நெஞ்சில் டோசிமீற்றர் (உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸை, காட்டும் கருவி), வேலை தொடங்க முதல் பயிற்சி, இவ்வளவும் இருக்க வேண்டும். என் ஆத்திரம் வேறு இடத்தில். ஒப்பந்தக்காரருக்குக் கீழே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்று வேலை இறங்கிவரும்போது அரசு கொடுத்த ஆபத்துப்படியும் வழியிலேயே கரைந்து, மண்வெட்டி பிடித்தவரின் கைக்கு முழுசாக வரவில்லை என்று அங்குள்ள தொழிலாளர் எத்தனையோ பேர் முறையிட்டார்கள். நமக்கு இது தெரியாத கதையா? பெரிய கங்காணி, சின்னக் கங்காணி என்று இறங்கிவந்த கூலியில் வாழ்ந்தவர்கள் நாம், கடனை எழுதிய துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாமல் கிடந்தவர்கள், அந்தத் துண்டு முறை ஒழிந்ததே 1921இல்தான். ஆகவே மகன் எந்த நாட்டுக்குப் போனாலும் சரி, என்ன வேலை என்று தமிழில் எழுதி வாங்குங்கள், முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள், வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். கதிர்வீச்சு வேலை என்று தெரிந்தே போகிறவர்கள் டோஸ் பதிவின் பிரதியை மாதாமாதம் வாங்கித் தங்கள் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து ஒரு வருத்தம் வந்தால் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

மண்ணைக் கழுவினால் என்ன? – பேராதனை, மாணவர்

மணல் என்றால் கழுவலாம். களிமண்ணில் என்றால், சீசியம் அதன் நுண்ணிய படலங்களின் ஓரத்தில் போய் இறுகிவிடும், தண்ணீருக்கு விடாது. அடைமழையில் கானில் ஓடும் கலங்கலைப் பார்த்திருப்பீர்கள், சீசியம் போவது அந்தக் கலங்கலோடுதான். கழுவிய பிறகு கலங்கல் உங்கள் கையில் இருக்கும், அதை எங்கே வைப்பீர்கள்?

சுத்தம் செய்தாயிற்று என்கிறார்களே, அப்படியானால் அந்த மண் என்ன ஆனது? – நுவரெலியா, வெலிமடை, இன்னும் இரண்டு பேர்

இடம் மாறியது. எப்போதும் நான் சொல்வது இதைத்தான். கதிரியக்கத்தை எரித்தோ கரைத்தோ அழிக்க முடியாது. புகுஷிமாவில் வழித்த மண் சுமார் 1.4 கோடி கன மீற்றர், ஒக்குமா, ஃபுதாபா ஊர்களில் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். 2045க்குள் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியப் பாகம் செய்த ரொக்கி ஃபிளாற்ஸை 2005இல் முடித்தார்கள், செலவு சுமார் 700 கோடி டொலர். அங்கே மேலே உள்ள 3 அடி மண்ணுக்கு ஒரு கண்டிப்பான எல்லை, அதற்குக் கீழே தளர்வான எல்லை. ஆகவே "சுத்தம்" என்று யார் சொன்னாலும் எவ்வளவு ஆழத்துக்கு, எந்த அளவுக்கு என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டு மண் 300 காட்டியது. ஆபத்தா? – பதுளை

300 என்ன? பெக்கரல் என்றால் மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம், சீவேர்ட் என்றால் உடம்பு எவ்வளவு வாங்குகிறது என்று. எதில் அளந்தீர்கள், எந்த அலகு, தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் என்று எழுதுங்கள், பதில் சொல்கிறேன். மண்ணைப் பொலித்தீன் பையில் கட்டித் தபாலில் அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே இரண்டு பை வந்திருக்கிறது.